சுவரின் மனைவி

14 ஜனவரி 1996, ஞாயிறு

அண்ணன் அனுப்பிய டைரி இன்றுதான் கையில் கிடைத்தது. தூத்துக்குடி உப்புக் கம்பெனி டைரி. பக்கத்துக்குப் பக்கம் தமிழ்த் தேதி, ராகு காலம், எமகண்டம். வெளியே மைனஸ் இருபத்தேழு. நாளைக்குத் தை பிறக்கிறதாம்.

ரஷ்யாவில் காமா நதிக்கரையில் இருக்கும் இந்த வெர்காம்ஸ்க் நகரத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் இதைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. மகள் நீலாவுக்கு எட்டு வயது. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. இங்கே எல்லோருக்கும் நான் 'இன்னா'. இன்பவல்லி என்ற பெயரை மருத்துவக் கல்லூரியில் முதல் வாரமே சுருக்கிவிட்டார்கள். அப்பா முத்தையா என்பதால், மரியாதையாகக் கூப்பிடுகிறவர்களுக்கு 'இன்னா முத்தையெவ்னா'. இன்னா என்றால் எங்கள் மொழியில் துன்பம் என்று ஒருமுறை கெனாடியிடம் சொன்னேன். "சரியாத்தான் வச்சிருக்காங்க" என்றார்.

கெனாடி என் கணவர். ரஷ்ய மொழியில் அவரை 'நீ' என்றுதான் பேசுகிறேன். தமிழில் எழுத உட்கார்ந்தால் 'அவர்' தானாக வந்துவிடுகிறது.

ஐஸ் ஹாக்கியில் பதினேழு வருஷம் டிஃபெண்டர். எதிரணி அடிக்கிற பக், அதாவது உறைந்து கல்லாகிப்போன ரப்பர் வட்டு, கோல் பக்கம் போகாமல் உடம்பைக் கொடுத்துத் தடுப்பது வேலை. பதினோரு பல் போயிற்று. மூக்கு மூன்று தடவை உடைந்தது. ஒரு சீசனில் மூன்று கோலுக்கு மேல் அடித்ததில்லை. ஆனாலும் அவர் இறங்கினால் ஊரே 'சுவர், சுவர்' என்று கத்தும். 92 ஏப்ரலில், இறுதி ஆட்டத்தில், அவர் காலைத் தாண்டி ஒரு பக் போய்க் கோலானது. முட்டி போய்விட்டது என்று சொல்லி அதோடு விட்டுவிட்டார். அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தது நான்தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இப்போது அதே அணிக்குத் தலைமைக் கோச். பட்டியலில் கடைசிக்கு முந்தின இடத்தில் இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் ஆட்டங்களில் இரண்டையாவது ஜெயிக்காவிட்டால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். அணியின் டாக்டர் குடித்துக் குடித்து ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பாலிகிளினிக்கில் இருக்கும் என்னைத்தான் வீரர்களைச் சோதித்துச் சான்று கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பொங்கலுக்கு அரிசி இருக்கிறது. வெல்லம் இல்லை.

18 ஜனவரி

டெலிபோன் இரண்டு தடவை அடித்தது. எடுத்தால் பேச்சில்லை. லைன் கோளாறு.

22 ஜனவரி, திங்கள்

இருபத்து மூன்று நோயாளிகள். பாதிப்பேர் இருமல். கடைசியாக வந்தவர் வலேரி பாவ்லோவிச் என்று சீட்டில் எழுதியிருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல தோல் கோட்டு, நகம் சுத்தமாக வெட்டியிருந்தது. பிரஷர் பார்க்க வேண்டும் என்றார். நூற்றிருபது, எண்பது. ஒன்றும் இல்லை என்றேன்.

"எனக்கும் தெரியும்" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் சுவர். சுவர்கிட்டப் பேசினா நம்ம தலைதான் வலிக்கும். அதான் உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"என்ன விஷயம்?"

"பிப்ரவரி பதினேழாம் தேதி மேட்ச். பந்தயத்துல பெரிய பணம் கட்டியிருக்கோம். ரெண்டு கோல் வித்தியாசத்துல தோத்தாப் போதும். அதுக்கப்புறம் இன்னும் மேட்ச் இருக்கு, ஜெயிச்சுக்கலாம்."

"நான் டாக்டர். மேட்சுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"யார் ஆடலாம், யார் ஆடக் கூடாதுன்னு கையெழுத்துப் போடறது நீங்கதானே, இன்னா முத்தையெவ்னா?"

வெளியே நர்ஸ் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் கதவைத் திறக்க நினைத்தேன்.

அவர் குல்லாயை எடுத்துக்கொண்டார். "பாப்பா மியூசிக் ஸ்கூலுக்குப் போறப்ப பாலத்துக்கு அடியில குறுக்கு வழில போறா. குளிர்காலத்துல அது நல்ல வழி இல்ல. சொல்லி வைங்க."

நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்து யாருமில்லை. ஜன்னலோரம் இருந்த கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றினேன். காலையிலேயே ஊற்றியிருந்தேன் போல, வழிந்து தரையில் ஓடிற்று.

23 ஜனவரி

நீலாவைப் பள்ளிக்கு நானே கொண்டுபோய் விட்டேன். மியூசிக் ஸ்கூலுக்கும் நானே. டியூட்டி நேரத்தை மாற்றிக்கொண்டேன். தெரு வழுக்குகிறது, அதனால்தான். "நான் என்ன குழந்தையாம்மா?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

25 ஜனவரி

போலீசுக்குப் போகலாம். டிசம்பரில் ஐஸ் அரங்கத்து மேனேஜர் போனார். மறுவாரம் அவருடைய கார் எரிந்தது. எரிந்ததைப் பார்த்து எழுதிக்கொள்ள வந்ததும் அதே போலீஸ்காரர்தான்.

கெனாடியிடம் சொல்லலாம். சொன்னால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். பக்குக்கு முன்னால் விழுவது போலப் போய் விழுவார். விழுந்தால் இந்தத் தடவை பல்லோடு போகாது.

முட்டைக்கோஸ் விலை ஏறிவிட்டது.

28 ஜனவரி, ஞாயிறு

அண்ணன் போன் பண்ணினார். ஐ.எஸ்.டி. பூத்தில் பின்னால் ஆள் நிற்கிறது என்று அவசர அவசரமாகப் பேசினார்.

"ஏட்டி, குளிரு எப்படி இருக்கு? மாப்ள கென்னடி நல்லாருக்காவளா?"

பதிமூன்று வருஷமாகியும் அவருக்குக் கெனாடி வாயில் வரவில்லை.

"நல்லாருக்காரு."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? அழுதியா?"

"சளிண்ணே."

"நீதான் டாக்டரு, நீயே சளிங்க. சித்திரைக்குப் பிள்ளையக் கூட்டிட்டு வந்துட்டுப் போயேன். அவரு பந்தடிக்கட்டும்."

அது பந்தில்லை என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. ரிசீவரைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன்.

3 பிப்ரவரி

மருத்துவச் சோதனைக்காக அரங்கத்துக்குப் போனேன். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கெனாடி ஐஸ் மேல் நிற்கிறபோது வீட்டில் இருப்பவர் இல்லை. குரல் கூட வேறு. "குச்சியைப் பாக்காத, அவன் இடுப்பைப் பாரு! இடுப்பு பொய் சொல்லாது!" என்று டிஃபெண்டர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

கோல் கீப்பர் யெகோர் ஷுபின். இருபத்துமூன்று வயது. கிராமத்துப் பிள்ளை, தகப்பன் இல்லை. இந்த அணி இன்னும் உயிரோடு இருப்பதே இவனால்தான் என்று கெனாடி சொல்வார். பதினேழாம் தேதி ஆட்டத்தில் இவனைப் பார்க்க மாஸ்கோவிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆள் வருகிறாராம்.

நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும், "சில்லுன்னு இருக்கு டாக்டர், ஐஸே தேவலாம்" என்று சிரித்தான். நிதானமான, பலமான துடிப்பு. இப்படி ஒரு இதயத்தைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

9 பிப்ரவரி, வெள்ளி

நீலா புதுக் கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். சிவப்புக் கம்பளி, உள்ளே முயல் ரோமம். நான் மியூசிக் ஸ்கூல் வாசலுக்குப் போய்ச் சேர ஆறு நிமிஷம் தாமதம். பஸ் வரவில்லை. அந்த ஆறு நிமிஷத்தில்.

"ஒரு மாமா குடுத்தாரும்மா. உன்கிட்ட வைத்தியம் பாத்தவராம். பிரஷர் சரியாயிடுச்சாம்."

கையுறை அளவு கச்சிதமாக இருந்தது. நான் வாங்கினால்கூட ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவேன்.

கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றாள். தெருவில் வைத்து அடித்தேன். அவளை நான் அடித்தது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து கையுறையை அடுப்பில் போட்டேன். ரோமம் கருகிய நாற்றம் போகவில்லை. கெனாடி வந்து, என்ன வாடை என்றார். பால் பொங்கிவிட்டது என்றேன்.

16 பிப்ரவரி

யெகோரின் ஈ.சி.ஜி. சரியில்லை. ஆடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

17 பிப்ரவரி, சனி

நான்குக்கு ஒன்று. தோல்வி.

மாற்றுக் கீப்பர் பத்தொன்பது வயசுப் பிள்ளை. முதல் கோல் விழுந்ததுமே அவன் பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது மேலேயிருந்து தெரிந்தது. யெகோர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் நின்றான். மாஸ்கோ ஆள் இரண்டாவது பீரியட் முடிந்ததும், கடைசிப் பகுதிக்கு நிற்காமல், எழுந்து போய்விட்டார்.

கெனாடி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "டிஃபென்ஸ் சரியில்ல. என் தப்பு. நான்தான் பசங்களைச் சரியா நிறுத்தல" என்றார். சூப்பைச் சுடவைத்தேன்.

முடிந்தது. இனி ஒன்றுமில்லை.

19 பிப்ரவரி

பாலிகிளினிக்குக்கு ஒரு பெட்டி கமலா ஆரஞ்சு வந்தது. சீட்டு எதுவும் இல்லை. நர்சுகள் பிரித்துத் தின்றார்கள். எனக்கும் ஒன்று உரித்துத் தந்தார்கள். விழுங்கினேன்.

26 பிப்ரவரி, திங்கள்

வலேரி பாவ்லோவிச் வந்தார். இந்தத் தடவை சட்டைக் கையைக்கூட மடிக்கவில்லை.

"மார்ச் பத்தாம் தேதி" என்றார்.

அது கடைசி ஆட்டம். அதில் தோற்றால் அணி கீழே போய்விடும். இன்னும் மேட்ச் இருக்கிறது, ஜெயித்துக்கொள்ளலாம் என்று சொன்னீர்களே என்றேன்.

"அப்ப இருந்த நிலைமை வேற." என்னமோ அவருக்கே வருத்தம் போலச் சொன்னார். "அந்தப் பையனோட இதயம் ரொம்ப மோசம்னு கேள்விப்பட்டேன். இன்னும் ஒரு பத்து நாள்ல சரியாயிடப் போறதில்லையே?"

ஒரு தடவை செய்தால் விட்டுவிடுவார்கள் என்று நான் எப்படி நம்பினேன்? நம்பினேனா?

29 பிப்ரவரி

யெகோர் ஊரிலேயே இல்லையாம். அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் லூபா வந்து சொன்னாள். அறுபது கிலோமீட்டர் தள்ளி அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். வண்டி ஏறுகிற அன்று, விடுதி மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினானாம். "எட்டுத் தலைமுறைக்குத் தாங்குற உடம்பு, டாக்டர். கெழவன் மாதிரி சுவரைப் புடிச்சுட்டு நடக்குறான். தூங்கினா எந்திரிக்க மாட்டோம்னு பயந்து உக்காந்தே இருக்கானாம். அவ்வளவு மோசமா அவனுக்கு?"

"ஓய்வெடுத்தால் சரியாகும்" என்றேன்.

எழுதிவிடுகிறேன். அந்தத் தாள் யெகோருடையது இல்லை. இவான் குஸ்மிச் என்ற அறுபத்தொரு வயது கிரேன் ஆபரேட்டருடையது. இரண்டு மாரடைப்பு வந்தவர். அவருடைய ஈ.சி.ஜி. நீளமாக இருந்தது. பாதியைக் கத்தரித்து யெகோரின் ஃபைலில் ஒட்டி மேலே அவன் பெயரை எழுதினேன். என் கையெழுத்து கோணாமல் இருந்தது. பிறகு அவனை உட்கார வைத்து, "உன் இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கு. ஓடாத. கனம் தூக்காத" என்று சொன்னேன். அவன் கேட்டான், "செத்துடுவேனா?" மேலும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொன்னேன்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆடுவேன் என்று நிற்பானோ என்று பயந்தேன்.

3 மார்ச், ஞாயிறு

கெனாடி உறைந்த ஆற்றின் மேல் துளை போட்டு மீன் பிடிக்கப் போயிருந்தார். தோல்விக்குப் பிறகு மூன்று ஞாயிறாக இதுதான். ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு நானும் போனேன். நீலா பக்கத்து வீட்டில். மத்தியான வெயிலில் ஐஸில் கண் கூசிற்று. அரைக் கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் யாருமில்லை. இப்படி ஒரு இடத்துக்காகத்தான் காத்திருந்தேனோ என்னவோ.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வலேரி பாவ்லோவிச், பாலத்தடி வழி, கையுறை, கத்தரித்த தாள், பத்தாம் தேதி. அவர் தூண்டில் குச்சியைப் பிடித்துக்கொண்டு துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு இரண்டு தடவை வெட்டி இழுத்தது. கவனிக்கவில்லை.

"யெகோருக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

"ஒண்ணுமே?"

"குதிரை மாதிரி இதயம், கெனா."

எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் கொஞ்ச தூரம் நடந்து போய், திரும்பி வந்து, மீன்பெட்டி மேல் மறுபடி உட்கார்ந்தார்.

"அந்த முட்டி எக்ஸ்ரே" என்றார். "தொண்ணூத்தி ரெண்டுல. நீதானே பாத்த?"

"ஆமா."

"என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்ல. நல்ல முட்டி."

"ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"நீ கேப்பேன்னு நான் இருந்தேன்." டீயை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. "இறுதி ஆட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. ஒரு போட்டோ குடுத்தாங்க. நீலா முற்றத்துல பனியில உக்காந்து வாளியில பனியை அள்ளிட்டு இருக்கா. நாலு வயசு. வேற ஒண்ணும் சொல்லல. போட்டோவை நீங்களே வச்சுக்கோங்கன்னாங்க. மூணாவது பீரியட்ல அந்தப் பக் என்னைப் பாத்துத்தான் வந்தது, இன்னா. தினம் நூறு தடவை தடுத்த பக். காலை ரெண்டு விரல்கடை நகத்தினேன். ரெண்டே விரல்கடை."

காற்று வீசியது.

"ஆட்டம் முடிஞ்சதும் பசங்க எல்லாரும் வந்து என்னைத் தட்டிக் குடுத்தாங்க. கீப்பர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டான். நான் பிடிச்சிருக்கணும்னு. அதோட ஐஸ்ல நிக்க முடியல. முட்டி போச்சுன்னு சொன்னேன். ஆடாதவனைத் தேடி யார் வருவா? கோச்சா இருந்தா, ஆடறது பசங்க, நம்ம கால் அங்க இல்ல, யாரும் நம்மகிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்." கோப்பையைக் கவிழ்த்தார். டீ ஐஸில் மஞ்சளாக ஒரு குழி போட்டது. "உன்கிட்ட வந்துட்டாங்க."

பதிமூன்று வருஷம் ஒரு சுவரோடு வாழ்கிறேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு இருந்த அதே பயம் நான்கு வருஷமாக அவரிடமும் இருந்திருக்கிறது. ஒரே கட்டிலில்.

"இப்ப என்ன பண்றது?" என்றேன்.

"முதல்ல யெகோர். மத்தது பிறகு."

4 மார்ச்

யெகோரின் கிராமம். இரண்டரை மணி நேரம் பனியில் ஓட்டினார். நாங்கள் போகும்போது அவனுடைய அம்மா முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். "அவனை நான் எதையும் தொட விடறதில்ல, டாக்டர்" என்றார் பெருமையாக. உள்ளே கூட்டிப்போய் டீயும் ஜாமும் வைத்தார்.

யெகோர் அடுப்புக்குப் பக்கத்துக் கட்டிலில் தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது. கெனாடியைப் பார்த்து எழப் போனான், பிறகு பயந்து, மெதுவாக எழுந்தான். அதைப் பார்த்ததும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன.

"உனக்கு ஒரு நோயும் இல்ல" என்றேன். "அது வேற ஒருத்தரோட ஈ.சி.ஜி. நான்தான் மாத்தி ஒட்டினேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். என் பிள்ளையை மிரட்டினாங்க."

அவன் என்னைப் பார்க்கவில்லை, கெனாடியைப் பார்த்தான். "நிஜமா?"

கெனாடி தலையசைத்தார்.

"அப்ப நான் சாகப் போறதில்லையா?"

"இல்ல" என்றேன். பதினேழு நாள் தாமதமாக.

அவன் அம்மா எழுந்தார். என் கையிலிருந்த டீக் கோப்பையை வாங்கி, அலம்பும் தொட்டியில் கொட்டி, கவிழ்த்து வைத்தார்.

யெகோர் சட்டையோடு முற்றத்துக்குப் போனான். கோடாலியை எடுத்தான். கிடந்த விறகெல்லாம் பிளக்கும்வரை நிறுத்தவில்லை. நாங்கள் வாசலில் நின்றோம். உள்ளே கூப்பிட யாருக்கும் தைரியமில்லை. கடைசிக் கட்டை முடிந்ததும் மூச்சு வாங்க, கெனாடியைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை நான் ஆடறேன்" என்றான்.

என் பக்கம் திரும்பவே இல்லை.

5 மார்ச்

பாலிகிளினிக்கின் பெரிய டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தினார். "தவறுதலா தாள் மாறிப்போச்சுன்னு எழுதிக் குடு, இன்னா. கண்டிச்சு ஒரு வரி எழுதிட்டு விட்டுடறேன். உனக்கும் குழந்தை இருக்கு."

பேனாவை எடுத்து 'தவறுதலாக' என்று எழுதினேன். பிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'தெரிந்தே' என்று எழுதினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார். நாளை முதல் வேலை இல்லை.

7 மார்ச்

நீலாவைக் கெனாடியின் தங்கை வேரா பெர்ம் நகரத்துக்குக் கூட்டிப் போனாள். ரயில் கிளம்பும்போது, "நான் என்ன தப்பும்மா செஞ்சேன்?" என்று கேட்டாள். கையுறையை எரித்ததிலிருந்து அவள் மனதில் இது இருந்திருக்கிறது.

10 மார்ச், ஞாயிறு

அரங்கத்துக்குப் போக வேண்டாம் என்றார். வீட்டில் தனியாக இருந்தால் செத்துவிடுவேன் என்றேன்.

எனக்கு மூன்று வரிசை கீழே வலேரி பாவ்லோவிச். சூரியகாந்தி விதையைக் கடித்துத் தொலியைக் காகிதப் பொட்டலத்தில் துப்பிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் கீப்பராக யெகோர் பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார். தலையைச் சாய்த்து வணக்கம் வைத்தார். கோபம் எதுவும் இல்லை. கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையை வாத்தியார் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

ஆட்டம் எனக்கு நினைவில்லை. என் இதயம் காதுக்குள் அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. யெகோர் முப்பத்துநான்கு அடிகளைத் தடுத்தானாம், மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டுக்கு ஒன்று. மணி அடித்ததும் மொத்த அரங்கமும் எழுந்து நின்று, கீப்பர் பெயரை அல்ல, 'சுவர், சுவர்' என்று கத்தியது. கெனாடி பெஞ்சுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். பூட்ஸ் கயிறு அவிழவில்லை, எனக்குத் தெரியும். முகத்தைக் காட்ட முடியவில்லை.

கீழே அந்த இருக்கை காலியாக இருந்தது.

12 மார்ச்

ஒன்றும் நடக்கவில்லை.

13 மார்ச்

ஒன்றும் நடக்கவில்லை. லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம்.

14 மார்ச், வியாழன்

காலை எட்டு மணி. காரின் மேல் விழுந்த பனியைத் தள்ளக் கீழே போனார். சமையலறையில் கோதுமைக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தேன். கீழே ஏதோ இரும்பு விழும் சத்தம். பிறகு அந்தச் சத்தம் இல்லை, வேறு சத்தம். ஜன்னலில் பார்த்தால் மூன்று பேர். முகத்தை மறைக்கிற முழுக்குல்லாய். கையில் குழாய். எதிர்வீட்டுத் திரைகள் ஒவ்வொன்றாக மூடின.

ஐந்து மாடி எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று படியிலேயே போய்விட்டது. நான் போய்ச் சேரும்போது அவர்கள் ஓடவில்லை, நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

இடது கை முழங்கைக்கு மேல் இரண்டு இடத்தில். விலா மூன்று. தலையில் தையல் பதினாறு. பனியில் மல்லாந்து கிடந்தபடி என்னைப் பார்த்து, "தலையைக் காப்பாத்திட்டேன். கையைக் குடுத்தேன்" என்றார். ஆட்டத்தில் அடிபட்டு வந்தால் சொல்வது போலவே. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. யாருக்கும் புரிந்திருக்காது.

20 ஏப்ரல்

கிளப் அவரை விலக்கிவிட்டது. அணி தப்பித்தது, கோச் தப்பவில்லை. உடல்நிலை காரணமாக என்று கடிதத்தில் இருந்தது. வாசித்துவிட்டு அவர் சிரித்தார், விலா வலித்ததால் நிறுத்தினார். நீலாவை அழைத்துக்கொண்டு வடக்கே ஒரு சின்ன ஊருக்குப் போகிறோம். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐஸ் ஹாக்கி சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமாம். எனக்கு ஆம்புலன்ஸ் நிலையத்தில் உதவியாளர் வேலை. கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது. நல்லது.

வலேரி பாவ்லோவிச்சைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

25 ஆகஸ்ட், ஞாயிறு

யெகோர் வந்திருந்தான். கையில் பெரிய தர்பூசணி. அடுத்த வாரம் மாஸ்கோவில் சேர்கிறானாம். மார்ச் பத்தாம் தேதி ஆட்டத்தைக் கேள்விப்பட்டு அதே கிளப் கூப்பிட்டிருக்கிறது. கெனாடிக்கு முகமெல்லாம் பல். எல்லாம் கட்டிய பல். நிமிராத இடது கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு, வலது கையால் பழத்தை வெட்டினார். நீலா விதைகளைத் தட்டில் வரிசையாக அடுக்கினாள்.

அவர் தண்ணீர் எடுக்க வெளியே போனதும் யெகோர் என்னிடம், மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக, பேசினான்.

"ஆறு டாக்டர்கிட்டப் போனேன். ஆறு பேரும் ஒண்ணுமில்லன்னாங்க."

"ஒண்ணுமில்லதான்."

"தெரியும். ஆனா நீங்க சொன்னதுதான் காதுல நிக்குது. ஒவ்வொரு விசிலுக்கும் கழுத்துல கை வச்சு நாடியை எண்ணிப் பாக்கறேன். நிறுத்த முடியல."

மன்னித்துவிடு என்று சொல்ல வந்தேன். அது எனக்கு வேண்டியது, அவனுக்கு வேண்டியதில்லை. அவனை ஆம்புலன்ஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். யாரும் இல்லை. மெஷினைப் போட்டு எடுத்தேன். தாளை அவன் கையிலேயே கொடுத்து, கட்டங்களை எப்படி எண்ணுவது, எந்த மேடு எங்கே வர வேண்டும், எது எவ்வளவு தள்ளிப் போனால் தப்பு என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். முதலில் மூன்று தடவை தப்பாகப் படித்தான். நாலாவது தடவை சரியாகப் படித்தான்.

"யாரையும் நம்ப வேணாம்" என்றேன். "நீயே படிச்சுக்கோ."

அவன் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

ஐந்து மணி பஸ்ஸில் கிளம்பினான். மூவரும் வழியனுப்பப் போனோம். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்ததும் இரண்டு விரல் கழுத்துக்குப் போயிற்று. அவனுக்கே தெரியாமல்தான். பஸ் நகர்ந்தது. நீலா ஓடிப் போய்க் கையை ஆட்டினாள். அவன் அவளைப் பார்த்தான். கழுத்திலிருந்து கையை எடுத்து, அவளுக்கு ஆட்டிக் காட்டினான்.